மன்னரின் கால்மாட்டில்

"இதென்ன அண்ணை, செத்த ராசாவைப் போய்க் கும்பிட்டுக்கொண்டு நிண்டனியள்?"

கேட்டுச் சிரித்த தவமலர், இழவு கேட்க வந்த வீட்டில் சிரித்துவிட்டோமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கடல்கடந்து வந்து குடியேறிய சட்டன் ஊரில் இரண்டு குடும்பத்துக்கும் அடுத்தடுத்த வீடு. மாதவனின் அம்மா மதுரையில் இறந்து இன்று எட்டாம் நாள். அம்மாவின் படத்தைப் பார்க்கவென்றுதான் தவமலர் அவர் மனைவி லலிதாவின் போனை வாங்கினாள். விரல் ஒரு தள்ளு அதிகமாகத் தள்ளியதில் எகிப்து வந்துவிட்டது.

மஞ்சள் சுவர்களோடு ஒரு நிலவறை. மூலையில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் மூவாயிரம் வருடத்துக்கு முன் செத்துப்போன மன்னர். வெள்ளைத் துணிக்கு வெளியே கரிய முகமும் கால்விரல்களும் மட்டும் தெரிந்தன. கால்மாட்டில் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார் மாதவன்.

"சும்மா, போட்டோவுக்காக" என்றார் அவர்.

"அப்ப இந்த நேரம் அங்க அம்மா..."

"ஆமா. விடியற்காலையிலேயே போயிட்டாங்க. என் போன் ஹோட்டல் ரூம்ல கிடந்துது. திரும்பி வந்துதான் பார்த்தேன். அதுக்குள்ள கெய்ரோ போற ஃபிளைட் போயிடுச்சு. மறுநாள் பத்து மணிக்குமேல உடம்பை வைக்க முடியாதுன்னுட்டாங்க."

"அக்காவின்ரை போன் கையிலதானே இருந்தது? அதுக்கெண்டாலும் ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

லலிதா போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"உள்ளே சிக்னல் இல்லை, மலர்."

"பாறைக்கு அடியில சிக்னல் எங்கேருந்து வரும்?" என்றார் மாதவன்.

எட்டு நாளாக, வருகிறவர்களிடமெல்லாம் அவர் இதைத்தான் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் அந்த நம்பிக்கை லலிதாவைச் சுட்டது.

"பிறகெண்டாலும் ஊருக்கு ஒருக்காப் போட்டு வந்திருக்கலாமே, அண்ணை."

"முகத்தைப் பார்க்க முடியலைன்னு ஆனப்புறம் போய் என்ன பண்றது? கொள்ளியும் சித்தப்பா பையன் வெச்சாச்சு."

தவமலர் பெருமூச்சு விட்டாள். "எங்கட ஆக்கள் விசா இல்லாமல், பாஸ்போட் இல்லாமல், தாய் தேப்பன்ரை செத்தவீட்டுக்குப் போகேலாமல் இஞ்ச இருந்து அழுதவை. உங்களுக்கு எல்லாம் இருந்தும் குடுத்துவைக்கேல்லைப் பாருங்கோ."

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பதால், அவள் பேசாமல் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

லலிதா போனைக் கையில் எடுத்தாள். அந்தப் படத்துக்கு இருபது நிமிடம் முன்னால் வந்த செய்தி அதில்தான் இருந்தது. நாத்தனார் பிரியம்வதா அனுப்பியது. 'அம்மா போயிட்டா அண்ணி. அண்ணா போன் எடுக்கலை. உடனே கிளம்பச் சொல்லுங்க.'

கல்லறை வாசலில், வெயிலில், வரிசையில் நின்றபடி அதைப் படித்தாள். உடனே கிளம்பியிருந்தால் அந்த ஃபிளைட் கிடைத்திருக்கும். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். அவருக்காகத்தான் என்று அப்போது சொல்லிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து அவர் பார்க்க ஆசைப்பட்ட இடம். ஊருக்கென்று வைத்திருந்த லீவைத்தான் இதற்கு மாற்றியிருந்தார். ஒரு மணி நேரம்தானே?

ஆனால் அவருக்காக மட்டும் இல்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடம். எந்தப் பயணமும் மாமியாரின் ஒரு போனில் நின்றுபோகும். 'இந்த ஒரு நாள் மட்டும் நீங்க காத்திருங்க' என்று தன் மனம் சொன்னதை அவள் கேட்டாள். செத்துப்போனவளிடம்கூட அதைச் சொல்ல முடிந்தது. உள்ளே அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்ததும் மதுரையில் கூடத்தில் வைத்திருக்கும் ஐஸ் பெட்டி நினைவுக்கு வந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவர் கைகூப்பியதைப் படம் எடுத்தாள்.

இனி மறைக்க முடியாது. அவர் விட்டுப் போனாலும் சரி.

"சிக்னல் இருந்துது" என்றாள்.

மாதவன் நிமிர்ந்தார்.

"வரிசையில நிக்கும்போதே பிரியம்வதா மெசேஜ் வந்துடுச்சு. படிச்சேன். உங்ககிட்ட சொல்லலை. உங்க அம்மா முகத்தை நீங்க பார்க்காம பண்ணினது நான்தான்."

அவர் ஆறிப்போன காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திட்டுங்க. எதையாவது எடுத்து அடிங்க. இப்படிச் சும்மா இருக்காதீங்க."

"உனக்கு முன்னாடி எனக்குத்தான் அனுப்பியிருந்தா" என்றார் மாதவன். "காலையில அஞ்சு மணிக்கு. திறந்தா படிச்சது தெரிஞ்சுடும்னு, திரையில மேலே வந்த ரெண்டு வரியை மட்டும் படிச்சேன். அணைச்சு டிராயருக்குள்ள வெச்சேன்."

லலிதாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"வரிசையில நீ படிச்சதைப் பார்த்தேன், பையில போட்டதையும் பார்த்தேன்." அவர் இன்னும் காப்பியைத்தான் பார்த்தார். "உள்ளே போய்ச் சேர்ற வரைக்கும், எங்கே நீ சொல்லிடுவியோன்னு பயந்துட்டே இருந்தேன்."