ஐந்தாவது ஆள்

அந்த வனத்தின் மிகப் பெரிய தேக்கைச் சுற்றிப் பிடிக்க ஐந்து பேர் கைகோக்க வேண்டும். பிடித்துப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. போன முறை செல்வநாயகியின் குடும்பமே சரியாக ஐந்து பேர். இந்த முறை கணவர் இல்லை.

“நான் வேணா நிக்கட்டுமாம்மா?” என்று வனக்காவலர் கையை நீட்டினார்.

“வேண்டாங்க.”

அவள் ஒரு முனை, மூத்தவன் மறு முனை. நடுவில், முதுகில் மலைக்காற்று படட்டும் என்று போன முறை கணவர் கேட்டு வாங்கி நின்ற இடத்தில், வெறும் மரப்பட்டை. சின்னவர்கள் இருவரும் மரத்துக்கு அந்தப் பக்கம்.

“அம்மா, எட்டுச்சா?” என்று கடைக்குட்டி கத்தினாள்.

மூத்தவன் அம்மாவைப் பார்த்தான். அவள் வெறுங்கையை இன்னும் கொஞ்சம் நீட்டி, விரல்களை மூடிக்கொண்டாள்.

“பிடிச்சாச்சுடி. யாரும் விட்றாதீங்க.”