மூப்பர் பார்த்த பேய்ப்படம்

“என் மக பேயா நடிச்சிருக்கா மூப்பரையா, பேயா மாறிடல!”

தியேட்டர் வாசலிலேயே தேவமலர் வெடித்துவிட்டாள். சபை மூப்பர் திருச்செல்வம் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கக்கத்தில் ஒரு நோட்டை இடுக்கிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, கூர் இருக்கிறதா என்று விரலில் குத்திப் பார்த்தார்.

“மொதல்ல படத்தைப் பார்ப்போம் சிஸ்டர். மத்தியானக் காட்சி, ஆரம்பிச்சிருவான் லா.”

விஷயம் இதுதான். தேவமலரின் மகள் புனிதா, பெம்பான் ஊர்ச் சபையில் நான்கு வருஷமாக ஞாயிறு பள்ளி டீச்சர். செங் என்ற ஊரில் ஃபேக்டரி வேலை. லீவு நாட்களில் போய் ஓர் உள்ளூர்ப் படத்தில் நடித்துவிட்டு வந்தாள். பேய்ப்படம். போஸ்டரில் வெள்ளைக் கவுனும் விரித்த தலையுமாக அவள் நின்றதைப் பார்த்ததும் சபையே கொதித்தது. பேய் வேஷம் போட்டவள் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித் தரலாமா? மூப்பர் படத்தைப் பார்த்து அறிக்கை தரட்டும், அவர் சொல்கிறபடி செய்வோம் என்று கமிட்டி முடிவு செய்துவிட்டது. நாளை ஆராதனை முடிந்ததும் அறிக்கை.

அதுவும் யார்? திருச்செல்வம்! கிறிஸ்மஸ் நாடகத்தில் ஏரோது ராஜா கூலிங் கிளாஸ் போட்டு வந்ததற்கே மேடையேறித் திரையை இழுத்து மூடிய மனுஷன்.

விளக்கு அணைந்தது. ‘கதை, வசனம்: தாவீது’ என்று திரையில் எழுத்து வந்தது.

“எந்தத் தாவீதோ! என் புள்ளைய இப்படி மாட்டிவிட்டுட்டான்,” என்று முணுமுணுத்தாள் தேவமலர்.

மூப்பர் இருமினார்.

திரையில் மஸ்ஜித் தானா ஊர்ப்பக்கம் ஒரு பாழடைந்த பங்களா. அதையொட்டிக் கல்லறைத் தோட்டம், மெழுகுவத்தி, நடுவில் வெள்ளைக் கவுன். தேவமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பேய்னா எப்பவும் நம்ம ஆளுங்கதானா? எங்கம்மாவ இந்த மாதிரி தோட்டத்துலதான் அடக்கம் பண்ணோம். ஒரு நாளாச்சும் எந்திரிச்சு வந்தாங்களா?”

“உஷ்!” என்றார் மூப்பர்.

ஆனால் புனிதா தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டது. பின்வரிசைக்காரன் பாப்கார்னைக் கொட்டிவிட்டான். தேவமலருக்குப் பெற்ற வயிறு குளிர்ந்துபோயிற்று. அது என் மகளாக்கும் என்று எழுந்து நின்று கத்தலாம் போலிருந்தது. பக்கத்தில் பென்சில் கீறும் சத்தம் கேட்டு அடங்கினாள்.

திரையில் பாஸ்டர் சிலுவையைத் தூக்கிப் பிடித்தார். சிலுவையிலிருந்து புகை கிளம்பியது.

“சிலுவையில புகையா? அதென்ன கொசுவத்தியா?” மூப்பர் பல்லைக் கடித்தார். பென்சில் கீறியது.

பாஸ்டர் ஜெபம் பண்ணினார்.

“ஜெபம் பாதியில நிக்குது!” மறுபடி கீறல்.

போச்சு. புனிதாவின் டீச்சர் வேலை இன்றோடு சரி என்று தேவமலர் கைக்குட்டையைத் தேடினாள்.

கடைசிக் காட்சி. யாருடைய போனோ அலறியது. “அதை ஆஃப் பண்ணுங்க லா!” என்று மூப்பர் எழுந்து நின்று அதட்டினார். தியேட்டர் கப்சிப்.

பாஸ்டர் சிலுவையைக் கீழே இறக்கிவிட்டு மண்டியிட்டார். “எஸ்தர், நீ பேய் இல்லம்மா. உசுரோட இருக்கிற புள்ள. உன்னை இங்க அடைச்சு வெச்சிட்டு, செத்துட்ட, பேயா அலையறன்னு ஊரை நம்ப வெச்சது நாங்கதான். எங்களை மன்னிச்சிரு.”

புனிதா ஒரே ஒரு பெருமூச்சு விட்டாள். நாலாபுறமும் மூக்கை உறிஞ்சும் சத்தம். மூப்பரின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. இவரும் ஜெபம் பண்ணுகிறார் போலிருக்கிறது என்று தேவமலர் நினைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் தேவமலர் கேட்டாள். “என்ன எழுதப் போறீங்க மூப்பரையா?”

“உங்க மக பேயா நடிக்கவே இல்லையே சிஸ்டர்! செத்தவங்க திரும்பி வந்து அலையறதில்லன்னு நாம நம்புறோம். படமும் அதைத்தானே சொல்லுது? உசுரோட இருக்கிற புள்ளைக்குப் பேய்னு பேர் வெச்சு ஒதுக்குனா அது யார் தப்புன்னு கமிட்டி யோசிக்கட்டும். நாளைக்குப் புனிதாதான் கிளாஸ் எடுக்கும்.” கொஞ்சம் நிறுத்தி, “அந்தக் கடைசி மூச்சு இருக்கே, அதெல்லாம் எழுதிக் குடுத்து வர்றதில்ல சிஸ்டர். உங்க புள்ள பெரிய ஆளு!” என்றார்.

தேவமலருக்குக் கண் நிறைந்துவிட்டது. திருச்செல்வம் வாயிலிருந்து பாராட்டு! இதைப் பெம்பான் முழுக்கச் சொல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

“அந்தத் தாவீது நல்லா இருக்கணும். தெரியாம அவரைத் திட்டிட்டேன், பாவி நான்.”

மூப்பர் மறுபடி இருமினார். கார் சாவியைக் காணாமல், நோட்டை அவள் கையில் திணித்துவிட்டு இரண்டு பைகளையும் துழாவ ஆரம்பித்தார். அப்படி என்னதான் குற்றம் குறித்து வைத்திருக்கிறார்? தேவமலருக்குப் பொறுக்கவில்லை. பிரித்துப் பார்த்தாள்.

குற்றப் பட்டியலே இல்லை. சற்றுமுன் கேட்ட வசனமெல்லாம், எஸ்தர் என்ற பெயரோடு, மூப்பரின் பொடிக் கையெழுத்தில் பேனாவால் எழுதியிருந்தது. மேலே இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. இன்றைக்குப் பென்சில் கீறியது ஓரத்தில் மட்டும்தான். ‘புகை: நான் எழுதாதது.’ ‘ஜெபம்: நாலு வரியை வெட்டிட்டான்.’

தேவமலர் நிமிர்ந்து பார்த்தாள். சாவியைக் கையில் பிடித்தபடி, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றிருந்தார் மூப்பர்.

“ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன் சிஸ்டர்,” என்றார். “கமிட்டிகிட்டதான் இன்னும் சொல்லல.”