வெளுத்த பஞ்சு

மனைவி தொட்டித் தண்ணீர் பிடித்த சோதனைக் குழாயில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மீன்தொட்டிக் கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. வெளியூர் போன அவள் திரும்புவதற்குள் அசத்திவிட வேண்டும் என்று நேற்று அவன் தேய்த்த தேய்ப்பு அப்படி. அந்தப் பளிச்சுக்குள் ஆரஞ்சு மீன் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூடுகிறது. செவுள் ரத்தமாய்ச் சிவந்திருக்கிறது. காற்று மோட்டார் மட்டும் தன்பாட்டுக்கு உறுமுகிறது. குழாயிலிருக்கும் தண்ணீரின் மஞ்சள் மெல்லப் பச்சையாகி, கரும்பச்சையாகிறது. "தண்ணியில விஷம் ஏறியிருக்கு. வடிகட்டிப் பஞ்சை என்ன செஞ்சீங்க?" "நல்லா அலசிக் காயப் போட்டேன். எவ்வளவு அழுக்கு தெரியுமா!" "அந்த அழுக்குல இருந்த கிருமிதாங்க இத்தனை நாளா தண்ணியைச் சுத்தம் பண்ணுச்சு." ஜன்னலுக்கு வெளியே, கொடியில் அவன் சட்டைக்குப் பக்கத்தில், பஞ்சு வெள்ளை வெளேரென்று ஆடுகிறது. அவள் வாளியை இழுக்கிறாள். "பாதித் தண்ணியை மாத்தணும், பிடிங்க. தீனி எதுவும் போடலையே? மிச்சம் அழுகினா அதுவும் விஷம்தான்." அவன் வாளியைப் பிடிக்கிறான். விடிந்ததிலிருந்து மீன் வாயைத் திறந்தபோதெல்லாம், பாவம், பசிக்கிறது என்று நினைத்தான். "மூணு தடவை" என்கிறான். அவன் குரல் வந்த பக்கம் மீன் தள்ளாடித் திரும்புகிறது. அவனைப் பார்த்து மறுபடியும் வாயைத் திறக்கிறது.