மாத்திரை அளவு

"இன்னிக்குக் காலையில எழுபத்திரண்டு. உயிரோட இருந்தப்பகூட அவருக்கு இவ்வளவு ஒழுங்கா துடிச்சதில்ல தம்பி."

தையல்காரம்மா செல்போனை மேஜைமேல் வைத்தார். திரையில் அவருடைய கணவரின் இதயத்துடிப்பு பச்சைக் கோடாகப் பதிவாகியிருந்தது. கணவரைத் தகனம் செய்து இன்றோடு பதினெட்டு நாள்.

இதயத்துக்குள் இருந்து துடிப்பைச் செல்போனுக்கு அனுப்பும் கருவியைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் அலுவலகம் அது. இன்ஜினியர் செல்போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எரிக்கிறதுக்கு முன்னால கருவியை வெளியே எடுத்தாங்களாம்மா?"

"சுடுகாட்டுல தடவித் தடவிப் பார்த்தாங்க, கிடைக்கல. இப்ப வர்றதெல்லாம் மாத்திரை அளவுதான், கையில சிக்காதுன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."

கணவர் காவலுக்கு இருந்த கிடங்கில் தீப்பிடித்து, முகம் தெரியாத கோலத்தில்தான் உடல் கிடைத்தது. பக்கத்தில் கிடந்த சாவிக்கொத்தைப் பார்த்து அடையாளம் சொன்னதும் இந்த அம்மாதான். காவல்காரன் தூங்கியதால்தான் எல்லாம் எரிந்தது என்று ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது.

"எப்பப்ப வருது?"

"வீட்டுல நான் தையல் மெஷின்ல உட்கார்ந்தா வரும். தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த நாலு நாளும் வரவே இல்ல. அவளைக் கண்டா அவருக்கு ஆகாது. செத்தும் வீம்பு விடல பாருங்க."

சிரிக்கப் பார்த்தார், அழுகைதான் வந்தது. மெஷின் பக்கம் போகவும் பயம், போகாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. இப்படியே போனால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது.

"ஆவியோ என்னவோ, போதும் தம்பி. அவர் நிம்மதியாப் போய்ச் சேரட்டும். இதை நிறுத்திடுங்க."

இன்ஜினியரின் முகம் வெளிறிவிட்டது.

"அம்மா, இவ்வளவு சின்னதுக்குள்ள பேட்டரி வைக்க இடமே இல்ல. இதயம் துடிக்கிற அசைவுலதான் இதுக்குக் கரண்ட் வருது. அது நின்னா இதுவும் நின்னுடும்."

புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் எரிச்சது யாரை? அவரு எங்க இருக்காரு?"

அவன் செல்போனை மெல்ல அவர் பக்கம் தள்ளினான்.

"கருவியோட சிக்னல் இந்த செல்போனுக்கு முப்பது அடிக்கு மேல எட்டாதும்மா."