ஆளுக்கொரு பாத்தி

“அந்தம்மா எந்திரிச்சாத்தான் தோட்டம். நாங்க போனா வையுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்” என்றார் மதியழகன், குடியிருப்போர் சங்கத் தலைவர்.

திண்டுக்கல்லில் அந்தக் காலனிக்கு நடுவே பூங்காவுக்கென்று விட்டிருந்த இடம். அதில்தான் லூர்தம்மாள் பழைய பாட்டிலும் அட்டையும் தரம் பிரித்து விற்றுப் பிழைத்தாள். எந்நேரமும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும்.

டீச்சர் சகாயசெல்வியும் அதைப் பார்த்தால் முகம் சுளிப்பாள். எங்கே தக்காளி, எங்கே முருங்கை என்று அவள் வரைந்து காட்டியதற்குத்தான் சங்கக் கூட்டமே கைதட்டியிருந்தது.

மாதா கோவிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே லூர்தம்மாளிடம் போனாள்.

“லூர்தக்கா, எல்லாருக்கும் பொதுவா தோட்டம் போடுறோம். உங்களுக்கும் ஒரு பாத்தி. கீரை போட்டு வித்துக்கலாம். இந்தக் குப்பையில எதுக்குக் கெடந்து அல்லாடணும்?”

“அவய்ங்க தருவாய்ங்களா செல்வி?”

“நான் இருக்கேன்ல.”

லூர்தம்மாள் பக்கத்தில் கிடந்த மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினாள். “உன்னை நம்பித்தான் எந்திரிக்கிறேன்.”

மறுநாளே இடம் காலி.

வேறு இடம் அமையவில்லை. தெருவோரத்தில் போட்ட அட்டையெல்லாம் மழையில் ஊறி, வியாபாரமே படுத்துப்போச்சு என்று கேள்விப்பட்டாள் சகாயசெல்வி. மனசு உறுத்தியது. கீரை வந்துட்டா சரியாயிரும் என்று தேற்றிக்கொண்டாள்.

நடவு நாளன்று ஒட்டன்சத்திரத்திலிருந்து வாங்கிவந்த நாற்றுகளோடு போய் நின்றவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆட்கள் சிமென்ட் கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். பதித்து முடித்த ஓரத்தில் மதியழகனின் கார் நின்றது.

“என்ன சார் இது?”

“காலனியில வண்டி நிறுத்த எடமே இல்லைல்ல டீச்சர்.”

“எல்லாரும் தோட்டம்னுதானே கை தூக்குனீங்க?”

சுற்றிலும் பார்த்தாள். வாசல்களில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

“லூர்தக்காவுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன் சார். அவங்க பொழப்பே போச்சு. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவங்களைப் பாப்பேன்?”

மதியழகன் கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து தணிவாகவே கேட்டார்:

“கார் நிறுத்தணும்னு சொல்லியிருந்தா, நீங்க போய் அந்தம்மாகிட்ட பேசியிருப்பீங்களா டீச்சர்?”