என்னட்டைக் கேளுங்கோ

டொக்டரின் அறையில், இராசமலரின் மடியில் அவளுடைய இரண்டு கைகளும் மாட்டுக்கயிற்றால் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. மணிக்கட்டில் தோல் உரிந்து ஈரம் மினுங்குகிறது. மகனை ஷெல் வீச்சுக்குப் பறிகொடுத்த நாளிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. கிணற்றடியிலேயே போய்ப் போய் நிற்கிறாள். "இவவைப் பெரியாஸ்பத்திரி மனநோய் வாட்டிலை வைச்சுத்தான் பாக்கவேணும், அம்புலன்ஸிலை அனுப்பிறன்," என்று டொக்டர் அவளுடைய அண்ணன் தம்பிராசாவிடம் சொல்கிறார். "வாட்டு வேண்டாம் ஐயா. இளைய தங்கச்சிக்குக் கலியாணம் பேசியிருக்கு. தெரிஞ்சால் குழம்பிப்போடும். வீட்டிலை கட்டிவைச்சுப் பாக்கிறம்." வெளியே ஹெலிகொப்டரின் இரைச்சல் நெருங்க, யன்னல் கண்ணாடி அதிர்கிறது. அதற்கு மேலாகக் குரலை உயர்த்தி இருவரும் அவளைப் பற்றியே கதைக்கிறார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிய கைகளைத் தூக்கி இராசமலர் மேசையில் ஓங்கிக் குத்துகிறாள். தண்ணீர்க் கிளாஸ் உருண்டு விழுந்து உடைகிறது. "என்னட்டைக் கேளுங்கோ! நித்திரை இல்லாதது எனக்கு. கிணத்துக்குள்ளை விழச் சொல்லுறது என்ரை மனம். நான் வாட்டுக்குப் போறன். மாப்பிள்ளை வீட்டுக்கு நான் செத்துப்போனன் எண்டு சொல்லுங்கோ அண்ணை." டொக்டர் எழுந்து வந்து, கத்தரிக்கோலால் கயிற்றை அறுக்கிறார். "அம்புலன்ஸ் எங்கை நிக்குது?" என்று கேட்டுக்கொண்டே, அண்ணன் எழும்புவதற்கு முன் இராசமலர் வாசலைக் கடந்துவிடுகிறாள்.