சாவியை எடுத்தால்

"அண்ணா, வண்டிச் சாவிய எடுத்ததும் உள்ள இருக்கிற சார்ஜர் சாக்கெட் செத்துடணும். முடியுமா?" காரிலிருந்து இறங்கி, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

கார் எலெக்ட்ரீஷியன் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தான். சாக்கெட்டில் கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்பு டப்பா, நீல வெளிச்சத்தோடு சொருகியிருந்தது.

"பேட்டரி இறங்குதாம்மா?"

அவள் அவனைக் காரை விட்டுத் தள்ளி அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அது ஒட்டுக் கேக்குதுண்ணா. எங்க வீட்டுக்காரர் வச்சது. கழட்டினா கொன்னுடுவாரு. தானா அணைஞ்சா, வண்டியே அப்படித்தான்னு சொல்லிச் சமாளிச்சுக்கலாம்."

"கவலைப்படாத தங்கச்சி."

சாக்கெட்டின் ஒயரைப் பேட்டரி இணைப்பிலிருந்து பிரித்து, சாவி போட்டால் மட்டும் கரண்டு வரும் ஒயரோடு சேர்த்தான். சாவியை எடுத்துக் காட்டினான். நீல வெளிச்சம் அணைந்தது.

"நல்லா இருப்பீங்கண்ணா!"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஷெட் வாசலிலேயே, சாவியைப் போடாமல் காருக்குள் உட்கார்ந்து, மாதக்கணக்கில் பேச முடியாததையெல்லாம் அக்காவிடம் போனில் கொட்டினாள்.

"வெள்ளிக்கிழமை பிள்ளைங்கள ஸ்கூல்ல இருந்தே கூட்டிக்கிட்டு வந்துடறேன்க்கா. நீ ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல நில்லு."

எலெக்ட்ரீஷியன் ஷெட்டின் பின்பக்கம் போய்த் தன் போனை எடுத்தான்.

"சார், என்னைக்காவது வருவாங்கன்னு சொன்னீங்களே, உங்க வீட்டம்மா வந்துட்டாங்க. சாக்கெட்ட அவங்க கேட்டபடி மாத்திட்டேன். போன மாசம் வண்டிக் கூரை லைட்டுக்குள்ள நாம வச்ச இன்னொன்னு நேரா பேட்டரியிலதான் இருக்கு, சாவிய எடுத்தாலும் அணையாது. சரியாக் கேக்குதா பாருங்க."

மறுமுனையில் அவள் அக்காவோடு பேசும் குரலே மெல்லக் கேட்டது.

"வெள்ளிக்கிழமையாம்," என்றார் அவர்.